ஊவாவின் பாட்டுக்கு ஓர் அறை வேண்டும்

ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்து நேரம் கேட்டால், மறுமுனையில் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் வேண்டும் என்றுதான். என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள் என்பதெல்லாம் பிறகு. ஊவா மாகாணத்தின் பதுளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பாடத் தெரிந்த எத்தனையோ பேருடைய ஆசை அந்த முதல் கேள்வியிலேயே நின்றுபோகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 2,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியக்காரர்களோடு ஒரு பாட்டை ஒழுங்காகப் பதிந்து, பிழை திருத்தி, கலந்து முடிக்க ஆறு மணி நேரமாவது போகும். 12,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் ஆயிரம் ரூபா என்ற இலக்கத்தைத் தொடவே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அது 2021 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. ஆக, அந்த 1,350 ரூபாக் கணக்கில், ஒரே ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது நாள் மலையேறிப் பேர் போட்ட, அதாவது வேலைக்குப் போன, காசு. பஸ் கூலி, தப்புக்காரருக்கும் டோலக்குக்காரருக்கும் சாப்பாடு, அன்றைய நாள் வேலை இழப்பு எல்லாம் தனி.

இவ்வளவு கொடுத்து ஸ்டூடியோவில் என்ன வாங்குகிறோம்? நல்ல மைக்கும் கணினியும் முன்பு போல எட்டாத பொருட்கள் இல்லை. கையிலிருக்கும் தொலைபேசியே பாட்டைப் பதிந்துவிடும். வாங்குவது அமைதியை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராத, உள்ளே எழும் குரல் சுவரில் மோதிக் கலங்காத ஓர் அறையைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம். தோட்டத்தில் வேறு எது கிடைத்தாலும் அது மட்டும் கிடைக்காது.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா ஒன்றை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே தகரம். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர்; பல பழைய லயங்களில் அந்தச் சுவர் கூரை வரை போவதும் கிடையாது. ஆறாவது வீட்டில் குழந்தை அழுதால் முதல் வீட்டுக்குத் தெரியும். நாய், கோயில் ஒலிபெருக்கி, ஏற்றத்தில் திணறும் முச்சக்கரவண்டி, தேயிலை ஸ்டோரில் இரவெல்லாம் கொழுந்து வாட்டும் காற்றாடி. இவை வெளிச்சத்தம். அறைக்குள்ளேயே இன்னொரு தொல்லை ஒளிந்திருக்கிறது.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீற்றர் ஓடுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்பும்போது, சில சுரங்கள் மட்டும் தம்மீதே ஏறிப் பெருத்து நிற்கும். பன்னிரண்டடி நீளத்துக்கு அந்தச் சுரம் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு 56. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நில இணைப்புச் சரியில்லாத மின்கம்பியிலிருந்து மைக்குக்குள் ஏறும் முனகல் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. 47, 56 ஆகியவற்றின் இரட்டிப்பு 94, 112. அது ஆண் குரலின் அடித்தளம். காம்பராவில் பதிந்த பாட்டில் சில சொற்கள் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல உப்பி ஒலிப்பதும், அடுத்த சொல் மெலிந்து போவதும் இதனால்தான். பாடியவரின் குரலில் குறை எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் பாடியவரைத்தான் குறை சொல்வார்.

அறையின் குணத்தை எண்ணால் அளக்கலாம் என்று முதலில் காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்த வாலஸ் கிளெமென்ட் சபீன். 1895இல், புதிதாகக் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை என்ற முறைப்பாட்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒருவர் சொன்ன சொல் அடங்க ஐந்தரை நொடி பிடித்தது. அதற்குள் அடுத்த பத்துச் சொல் அதன்மேல் விழுந்துவிடும். சபீன் ஊர் அடங்கிய பிறகு இரவில் வேலை செய்தார். பக்கத்திலிருந்த சான்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கினார். ஓர்கன் குழலை ஊதி, அது காதில் மறையும் வரை கடிகாரத்தைப் பார்த்தார். மெத்தை கூடக்கூட எதிரொலி குறைந்தது. அறையின் கன அளவு எவ்வளவு, அதற்குள் ஒலியை உறிஞ்சும் பொருள் எவ்வளவு என்று தெரிந்தால் எதிரொலி எத்தனை நொடி நிற்கும் என்று சொல்லிவிடலாம் என்ற அவருடைய சூத்திரத்தில்தான் இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்கள் நிற்கின்றன. 1900இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அதை வைத்துக் கட்டப்பட்டது.

மெத்தையில் தொடங்கிய விஞ்ஞானம் என்பது எனக்குப் பிடித்த செய்தி, ஏனென்றால் மெத்தை நம்மிடமும் இருக்கிறது. ஆனால் ஒரு விடயத்தை இங்கே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சிறு ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வெளிச்சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் எதிரொலியை அடக்குவது முற்றிலும் வேறு வேலை. சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகை இரண்டாவது வேலையை மட்டும் செய்யும், அதிலும் அரைகுறையாக. ஒரு சுரத்தை நன்றாக உறிஞ்ச, பொருளின் தடிப்பு அந்தச் சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்க வேண்டும். 1,000 ஹேர்ட்ஸுக்கு அது எட்டரை சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸுக்கு 86 சென்ரிமீற்றர். முட்டை அட்டையை ஒட்டிய அறையில் கூர்மையான ஒலிகள் மட்டும் செத்துவிடும், அடியொலி அப்படியே முழங்கும். குரல் மூடிப்போட்டதுபோல் வரும். வெளிச்சத்தத்தை நிறுத்துவதற்கோ கனம் வேண்டும். கல்லும் சீமெந்தும், இடையில் காற்று விட்ட இரட்டைச் சுவரும், இடுக்கே இல்லாத கதவும் வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் ஆறு டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்த ஆறு டெசிபல் எவ்வளவு காசு என்று மேசனிடம் கேட்டால் தெரியும்.

பதுளையில் ஸ்டூடியோ பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: அறைக்குள் போனதும் கையைத் தட்டி, எதிரொலி எழுகிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பக்கத்து அறைக் குளிரூட்டியின் இரைச்சலும் வீதியில் போகும் பஸ்ஸின் உறுமலும் காதில் விழுந்தால், நீங்கள் பாடும்போதும் அவை விழுந்துகொண்டுதான் இருக்கும். மாடிக் கட்டடத்தின் நடுத்தளத்தில் உள்ள அறை சிறப்பு. தலைக்கு மேலே கொங்கிரீட் தட்டு இருந்தால் மழை எட்டாது.

மழையை ஊவாவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. தகரக் கூரையில் ஊவாவின் மாலை மழை இறங்கினால் ஒரே காம்பராவுக்குள் இருவர் கத்திப் பேச வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை. அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழை. நுவரெலியாப் பக்கம் தென்மேற்கு மழையில் நனையும் மாதங்களில் ஊவா காய்ந்து கிடக்கும். மலையைத் தாண்டி வரண்ட கச்சான் காற்று வீசும். அந்தக் காற்று கொழுந்தை வாட்டியெடுப்பதால்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி விலையும். பாட்டுப் பதிவதற்கும் மழைத் தொல்லை குறைந்த மாதங்கள் இவைதாம். காற்று தகரத்தை ஆட்டாத ஒரு கட்டடம் மட்டும் வேண்டும்.

ஆக, ஊவாவின் நல்ல தேயிலையும் ஊவாவின் நல்ல ஒலிப்பதிவும் ஒரே பருவத்துக்கு உரியவை. தேயிலைக்கு ஸ்டோர் கட்டி, நிறுவை வைத்து, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து, கொழும்புக்கு ரயில் விட்டார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது, தண்டவாளம் 1924இல் பதுளையைத் தொட்டது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பாட்டுக்கு நூறு ஆண்டுகள் கழிந்தும் ஓர் அறை கட்டப்படவில்லை.

பாட்டும் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலியாகத் தொடங்கி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனமான இலங்கை வானொலியின் கலையகங்கள்தான் இந்த நாட்டில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த முதல் நல்ல அறைகள். எழுபதுகளில் ஈழத்து மெல்லிசை என்று ஒரு வகையே அங்கு உருவானது. எஸ்.கே. பரராஜசிங்கம் அந்த அறைக்குள் ஒலிபரப்பாளராகவும் பாடகராகவும் இருந்தார். பதுளையிலிருந்து ஒருவர் அந்தக் கதவைத் தட்ட வேண்டுமென்றால் 290 கிலோமீற்றர் ரயிலில், ஒன்பது பத்து மணி நேரம். குரல் தேர்வுக்கு ஒரு பயணம், தேறினால் பதிவுக்கு இன்னொரு பயணம். தோட்டத்தில் இரண்டு நாள் லீவு கேட்டு, தொண்டை வரள ராத்திரி மெயிலில் உட்கார்ந்து போய், காலையில் மைக் முன் நின்று பாடுவது எப்படி இருக்கும் என்பதைப் பாடுகிறவர்கள் அறிவார்கள்.

சமூக வானொலி என்ற எண்ணம் இந்த நாட்டில் நன்றாகவே முளைத்தது. 1981இல் மகாவலி சமூக வானொலி, 1989இல் கொத்மலை, பிறகு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு 2003இல் ஊவா சமூக வானொலி. வானொலிக் கலையகம் பக்கத்துக்கு வந்தது பெரிய காரியம்தான். ஆனால் அது பேச்சுக்கும் செய்திக்கும் நிகழ்ச்சி நேரத்துக்கும் கட்டுப்பட்ட இடம். ஒரு தப்புக் குழு நான்கு மணி நேரம் உட்கார்ந்து, தவறவிட்டு, மறுபடி தொடங்கி, தன் பாட்டைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் இடம் வேறு.

அந்த இடம் இல்லாமல் எதை இழந்தோம்? புத்தகத்தைத் திறந்தால் தெரியும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத்துக் கூட்டங்களில் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அவருடைய பாட்டுகள் 1940இல் சிறுநூலாக வந்தன. அக்காலச் சிறுநூல்களில் பாட்டின் தலையில் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி போடுவது வழக்கம். அந்த மெட்டைத் தெரிந்தவர்கள் போய்விட்டால் அச்சில் இருப்பது வெறும் செய்யுள். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலை மலையாக ஏறி மக்கள் பாடியதை எழுதி எடுத்தார். 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது, அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் செய்த வேலைக்கு மலையகம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தவிப்பு வரும். எந்த இடத்தில் அந்தப் பெண் மூச்சு விட்டாள்? எந்தச் சொல்லை இழுத்தாள்? கொழுந்து பறிக்கும் கையின் வேகத்துக்கும் பாட்டின் நடைக்கும் என்ன உறவு? காகிதம் இதற்குப் பதில் சொல்லாது.

பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா சூறாவளியும் பதுளை மாவட்டத்தை மண்சரிவால் உலுக்கியது. ஊவாவில் ஒரு லயம் போவது என்றால் அங்கு மட்டும் பாடப்பட்ட மெட்டும் போவது. நாளைக்குப் பதியலாம் என்று தள்ளிவைக்க நமக்கு உரிமையில்லை.

இனி, அறை கிடைத்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. நகரத்து ஸ்டூடியோ சினிமாப் பாட்டுக்கும் கரோக்கி ட்ராக்குக்கும் பழகிய இடம். காதில் ஹெட்போன், அதில் ஒரு தாளச் சொடுக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக ஒருவர். தோட்டத்துப் பாட்டில் யாரும் தனியாக இல்லை. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாத அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பது வரை நாட்கணக்கில் நடப்பது. ரதி மதன் ஆட்டம் லயம் லயமாக வாசலுக்கு வருகிறது. பாடுகிறவர் ஒரு அடி எடுக்க, எதிரே நிற்பவர் மறு அடி கொடுக்க, தப்பு இரண்டுக்கும் நடுவில் புகுந்து வேகத்தை ஏற்றும். தாளச் சொடுக்கு சொல்லும் நிலையான வேகத்தில் இது நடக்கவே நடக்காது. பாடுகிறவரைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, தப்பை நாளைக்கு வந்து அடியுங்கள் என்றால் கூத்து அங்கேயே செத்துவிடும். எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒரே நேரத்தில் பாடி அடிக்க வேண்டும். ஆகவே பெட்டி அறை மட்டும் உள்ள ஸ்டூடியோவைக் கூத்துக்காரர் எடுக்கக் கூடாது. எட்டுப் பேர் வட்டமாக நிற்கக்கூடிய கூடம் வேண்டும்.

தப்புக்கு நெருப்பு வேண்டும் என்பதை மறந்துவிட்டு நேரம் எடுப்பவர்கள் உண்டு. தோல் காய்ந்து விறைத்தால்தான் தப்பு பேசும். ஊவாவின் மூடுபனியில் அரை மணிக்குள் தோல் தளர்ந்து சத்தம் மொத்தையாகிவிடும். வெளியே சருகு எரித்துக் காய்ச்சிக்கொள்ளலாம். ஸ்டூடியோவுக்குள் அதற்கு வழியில்லை. நேரம் எடுக்கும்போதே கேளுங்கள்: வெளியே நெருப்பு மூட்ட முற்றம் உண்டா, உள்ளே மின் அடுப்போ தலைமயிர் உலர்த்தும் கருவியோ வைக்கலாமா, அறையின் ஈரத்தைக் குறைக்க முடியுமா? ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே தோல் காய்ச்சும் நேரத்துக்கும் காசு ஓடும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாடகருக்கு வைக்கும் மென்மையான கொண்டென்சர் மைக்கை தப்புக்கு ஒட்டி வைத்தால் ஒலி வெடித்துக் கிழியும். அடிகுச்சி விழும் பக்கத்தில் உரமான டைனமிக் மைக் ஒன்று, சற்றுத் தள்ளி அறையின் ஒலியைப் பிடிக்க இன்னொன்று. சிம்புக்குச்சியின் மெல்லிய சடசடப்பு அந்த இரண்டாவது மைக்கில்தான் உயிரோடு வரும். பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கூட்டத்துக்கு, ஆளைக் கூப்பிட அடித்த தப்பும், சாவுக்கு அடித்த தப்பும், சாமிக்கு அடிக்கும் தப்பும் ஒரே வாத்தியம், வேறு வேறு அடி. மூன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகப் பதிந்து வைக்க ஒரு முழு நாள் எடுத்தாலும் தகும்.

பிறகு ஒப்பாரி. மலையகப் பெண்களின் கவித்துவம் உச்சிக்குப் போகும் இடம் என்று நான் கருதுவது அதைத்தான். இழவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது நம் வீடுகளில் பரவலான நம்பிக்கை. ஆய்வுக்கென்று ஒலிப்பதிவுக் கருவியோடு லயத்துக்குப் போகிறவர்கள் அங்கே திகைத்து நின்றுவிடுவார்கள். பாட்டி வாயைத் திறக்கமாட்டார், மருமகள் முகம் சுளிப்பார். இழவு வீட்டிலேயே மைக் நீட்டுவது அதைவிடக் கேவலம். யாருக்கும் வீடாக இல்லாத ஓர் அறை இங்கே வெறும் வசதியாக நின்றுவிடாமல் பாட்டுக்கே வாசலாகிறது. அந்த அறையில் யாருடைய குடும்பத்துக்கும் கேடு வராது. துணைக்கு இரண்டு பெண்கள் உடன் இருக்க, வெளிச்சத்தைக் குறைத்து, ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டால், இறந்துபோன தன் தாயை நினைத்து அந்தப் பாட்டி பாடலாம். அந்தப் பதிவுக்கு மணிக்கணக்குப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தவும் கூடாது. நான்கு மணி நேரம் எடுத்துவிட்டு இருபது நிமிடப் பாட்டோடு திரும்பினாலும் அது வெற்றிதான்.

தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் இவ்வளவு சிக்கல் இல்லாதவை. தெம்மாங்குக்கு இருவர் எதிரெதிரே நின்றால் போதும்; கும்மிக்குக் கைதட்டும் காலடியும் பதிய மரத்தளம் இருந்தால் அழகு.

புதிய பாட்டு எழுதும் இளைஞர்கள் வேறொரு காரணத்துக்காக ஸ்டூடியோ தேடுகிறார்கள். 2023இல் புசல்லாவை நயாப்பனைத் தோட்டத்துச் சிறுமி அசானி சென்னைத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி மேடையில் நின்றபோது, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200ஆவது ஆண்டு நினைவு நடந்துகொண்டிருந்தது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அதன் பிறகு பாடும் பிள்ளை உள்ள எந்தத் தோட்டத்து வீட்டிலும் ஒரு நம்பிக்கை. பதுளை சரஸ்வதிப் பாடசாலையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சங்கீத ஆசிரியர்கள் இதை அறிவார்கள். அந்தப் பிள்ளைகளின் குரல் காம்பராவின் முழக்கத்தோடு வெளியுலகத்துக்குப் போக வேண்டாம்.

அவர்களுக்கு, நேரம் எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. ஞாயிறும் போயா நாளும் எல்லோரும் கேட்கும் நாட்கள். காலை பத்துக்கு எடுத்தால் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து முடிக்க வேண்டியதில்லை. மைக் வைத்துச் சரிபார்க்கும் நேரத்துக்கும் காசா, இல்லை பாடத் தொடங்கியதிலிருந்துதானா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மிக்சிங் அதே கட்டணத்தில் அடங்குமா என்பதையும். பாட்டு முழுதாக மனப்பாடம் ஆகாமல், சுருதி முடிவாகாமல் கதவுக்குள் போகாதீர்கள். அந்த ஒத்திகையை மலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் தாங்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்பது வெட்கமில்லை. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்த நாடு இது. முடிந்ததும் எம்பி3 ஒன்றை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கப்படாத மூலக் கோப்புகளை, குரல் தனியாக, தப்பு தனியாக, ஒரு டிஸ்க்கில் வாங்குங்கள். ஒலி ஆவணக் காப்பகங்கள் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கும் அளவு அது. பத்து வருடம் கழித்து வேறொருவர் அந்தக் குரலை நன்றாகக் கலந்து தரலாம்.

உரிமையைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தம் ஆற்றுகையின்மீது உரிமை தருகிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் நடப்பில், பதிவு செய்தவர் யூடியூப்பில் தன் பெயரில் ஏற்றுவார், பாடிய அம்மாவின் பெயர் எங்கும் இராது. பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், யாரிடம் கற்றார், எந்த நாளில் பதிந்தது. இந்த ஐந்தும் கோப்போடு சேர்ந்து போக வேண்டும். அதன் ஒரு பிரதி, 2005 முதல் ஈழத் தமிழ் எழுத்தையும் குரலையும் இணையத்தில் காத்துவரும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் போகலாம்.

காசுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தட்டுகிறது. 1950 ஜனவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் ஒரு சின்னக் கடையறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துப் பாடிவிட்டுப் போகலாம். பருத்திக்காட்டிலிருந்து வந்த கறுப்பினப் பாடகர்களின் குரல் பலருக்கு முதன்முதலில் அங்கே பதியப்பட்டது. 1953 கோடையில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பதினெட்டு வயதுப் பையன் சுமார் நான்கு டொலர் கொடுத்து இரண்டு பாட்டுப் பதிந்தான். உழைக்கிற பையன் ஒருவன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய தொகை அது. ஊவாவில் வேண்டியது அந்த அளவில் ஒரு கதவு.

புதிதாக மாளிகை கட்ட வேண்டியதில்லை. தோட்டங்களில் பூட்டிக் கிடக்கும் ஸ்டோர்கள் உண்டு, ஆள் குடியிராத பழைய பங்களாக்கள் உண்டு. ஒன்றரை அடி கருங்கல் சுவர், உயர்ந்த கூரை, வீதியிலிருந்து விலகிய இடம். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் பாதி வேலையை வெள்ளைக்காரத் துரை தம் தூக்கத்துக்காகவே செய்து வைத்துவிட்டார். தகரத்தின் கீழே ஒரு கனமான உட்கூரை, மூலைகளில் தடித்த பாறைக் கம்பளித் தூண்கள், சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்திய நான்கு அங்குலப் பலகைகள், இரட்டைக் கதவு, ஒழுங்கான நில இணைப்பு. மைக் ஆறு. தோல் காய்ச்ச வெளியே ஒரு மூடிய திண்ணை. ஊவா மாகாண சபையின் கலாசாரப் பிரிவுக்கோ, தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கோ, இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்தாலோ இது தூக்க முடியாத சுமை இல்லை.

கட்டணத்தை இப்படி வைக்கலாம்: தோட்டத்தில் பேர் போடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அரை நாள் அறைக்கு ஒரு நாட்சம்பளம். வர்த்தக விளம்பரத்துக்கும் கல்யாண வீடியோப் பாட்டுக்கும் நகரத்து விலை. அறுபது வயதுக்கு மேற்பட்ட பாட்டுக்காரருக்கு இலவசம், பஸ் கூலி கொடுத்து அழைத்துவர ஓர் ஆள். கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான நாட்களில் பாதியைக் கூத்துக்கும் ஒப்பாரிக்கும் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரோக்கி ட்ராக்குகள் அந்த நாட்களை விழுங்கிவிடும். பதிவேட்டில் முதல் பெயர்களாக, பசறை, நமுனுகுலை, லுணுகலை, தெமோதரை, ஊவாவின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் காமன் கூத்து வாத்தியார் ஒருவரை எழுதுங்கள். இந்த மாசியில் காமன் ஊன்றும் தோட்டங்களுக்குப் போய் அவர்களைக் கண்டு, ஜூலைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.